டாட்டா கண்ட இரும்பாலை

குஜராத்து நாட்டில் நவசாரி என்பது பழமையான ஊர். தம் சமயத்தைக் காத்துக்கொள்ளும் பொருட்டுப் பாரசீகத்திலிருந்து பன்னூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த பார்சி மக்கள் தங்கி வாழ்ந்த ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்கே தீக்கோயிலில் வழிபாடு நடத்தும் குருமார் குடும்பத்தில், 1839-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி டாட்டா பிறந்தார். வழிவழியாகக் குருத்தொழிலையே மேற்கொண்டிருந்த அக்குடும்பத்தில், வாணிகத்தை நாடிப் பம்பாய்க்குச் சென்ற முதல் மனிதர் அவர் தந்தையாராகிய நசர்வான்ஜி. பதின்மூன்று வயதில் மைந்தரும் தந்தையிடம் போய்ச் சேர்ந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858-ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். நூல்களின்மேல் அவருக்கு அந்நாளில் உண்டான பற்று இறுதிவரை நீங்கவில்லை. ஆயினும், தந்தையார் விருப்பப்படி அவர் அமர்ந்த இடம் வாணிக நிலையமே. அடுத்த ஆண்டே அவர் ஹாங்காங்கு நகருக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்துப் பம்பாய் வணிகர் பலரைப் போலவே டாட்டா குடும்பத்தாரும் சீன நாட்டுக்குப் பருத்தியும் அபினியும் ஏற்றி அனுப்பினர். தேயிலையும் பட்டும் அங்கிருந்து பெற்றனர்.

1861-இல் அமெரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குச் சென்றுகொண்டிருந்த பருத்தி தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. பம்பாயில் நேற்றுவரை சிறு கடை வைத்திருந்தோரும் இன்று பெருஞ்செல்வராய் உலவினர். நாளொரு வங்கியும் பொழுதொரு குழுமமும் தோன்றின. இவ்வெள்ளத்தில் நசர்வான்ஜியும் இறங்கினார். இலண்டன் மாநகரில் இந்திய வங்கி ஒன்றை நிறுவும் நோக்கத்தோடு ஜாம்ஷெட்ஜி 1864-இன் இறுதியில் கப்பலேறினார். அவர் அங்குச் சேர்ந்து சில திங்கள் ஆகுமுன்னரே, 1865-இல், போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பம்பாயில் குழுமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. அவர் கொண்டுசென்ற உண்டியல்கள் வெறுந்தாள்களாயின.

அயல்நாட்டில், இருபத்தாறு வயதில், கடன்காரர் நடுவே நின்ற அவ்விளைஞர் ஓடி ஒளியவில்லை. கணக்கு ஏடுகளை அவர்கள் முன்னிலையில் விரித்து வைத்தார். உள்ளதை உள்ளவாறே எடுத்துரைத்தார். அவர்தம் நேர்மையில் நம்பிக்கை கொண்ட கடன்காரர்கள், கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, அதற்குச் சிறு ஊதியமும் அளித்தனர். பம்பாயில் தந்தையார் தம் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார். பிறர் தூண்டிவிட்ட விலையை நம்பி ஏறியவர், அவ்விலை இறங்குங்கால் தாமும் வீழ்வர் என்பதை ஜாம்ஷெட்ஜி இவ்வாறு தம் உடலிலேயே சூடுபட்டுக் கற்றார். பின்னாளில் அவர் காட்டிய பொறுமை பிறவிக்குணம் என்பர் சிலர். அது இலண்டனில் விலை கொடுத்து வாங்கியது என்பதே பொருத்தமாகும்.

1868-ஆம் ஆண்டில் இருபத்தோராயிரம் ரூபாய் முதலிட்டுத் தமக்கெனத் தனி வாணிக நிலையம் ஒன்றை அவர் தொடங்கினார். அபிசீனியாவுக்குச் சென்ற ஆங்கிலப் படைக்கு உணவும் பிற பொருள்களும் வழங்கும் ஒப்பந்தத்தில் தந்தையும் மைந்தரும் பங்குபெற்று, இழந்த செல்வத்தை மீட்டனர். பின்னர்ச் சிஞ்சுப்போக்ளியில் பயனற்றுக் கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை விலைக்கு வாங்கி, நூற்பாலையாக மாற்றி, ஊதியத்தோடு விற்றார். அதன்பின் இலங்காஷயருக்குச் சென்று, பஞ்சு நூலாகி, நூல் துணியாகும் வகையை ஆலை ஆலையாக நின்று கண்டார்.

தாயகம் மீண்டவர் ஆலை அமைக்கத் தேர்ந்த இடம் அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. நூற்பாலை என்றால் பம்பாய் என்றிருந்த காலம் அது. அவரோ அந்நகரை விட்டு நெடுந்தொலைவில் உள்ள நாகபுரியைத் தேர்ந்தார். பருத்தி விளையும் கரிசல் நிலம் நாகபுரியைச் சூழ்ந்திருந்தது. வரோராவில் நிலக்கரி கிடைத்தது. நகரின் வழியே புகைவண்டி ஓடியது. அங்கு விளைந்த பருத்தி பம்பாய்க்குச் சென்று, நூலாகி, மீண்டும் அந்நாட்டுக்கே விலைக்கு வந்துகொண்டிருந்தது. இந்த இருவழிக் கூலியை ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். ஆலைக்குக் கிடைத்த நிலமோ சேறும் சதுப்புமான பள்ளம். அதனைத் தூர்த்து மேடாக்கும் செலவைக் கண்ட உள்ளூர்ச் செல்வர் ஒருவர், பொன்னை மண்ணில் கொட்டுவதாக எண்ணி, பணம் தர மறுத்துவிட்டார். அம்மண்ணிலிருந்தே டாட்டா பொன் எடுத்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார் என்பர்.

பதினைந்து இலட்ச ரூபாய் முதலோடு 1874-இல் குழுமம் தோன்றியது. 1877-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் எம்பிரஸ் ஆலை திறக்கப்பட்டது. தொடக்கம் நன்றாக அமையவில்லை. செலவைக் குறைக்க எண்ணி வாங்கிய மலிவான பொறிகள் மட்டமான நூலையே தந்தன. பங்குகளின் மதிப்பு வீழ்ந்தது. செய்த பிழையை மூடி மறைக்காமல் டாட்டா அப்பொறிகளை அகற்றிவிட்டு உயர்ந்தவற்றை நிறுவினார். வளையக் கதிர் என்னும் புதிய நூற்புமுறையை இலங்காஷயர் ஆலைக்காரரே ஏற்கத் தயங்கியிருந்த நாளில், இரண்டு பொறிகளை மட்டும் வரவழைத்து ஓட்டிப் பார்த்தார்; பயன் தெளிவானபின் ஆலை முழுவதற்கும் அதனைக் கொண்டுவந்தார். ஆலையை நடத்துவதற்கு அவர் அமர்த்திய பெசோன்ஜி மேத்தா, புகைவண்டித் துறையில் பணிபுரிந்தவர், நூற்புத்தொழில் அறியாதவர். ஆளும் திறன் உடையவருக்குத் தொழிலைக் கற்பித்துவிடலாம் என்பது டாட்டாவின் கருத்து. அது பிழைபடவில்லை.

தொழிலாளர் நாள்தோறும் வேலைக்கு வாராமை ஆலைக்குப் பெருந்தொல்லையாய் இருந்தது. தண்டம் விதித்தால் உள்ளவரும் ஓடிப்போவர் என்று உணர்ந்த அவர், ஒழுங்காக வருவோர்க்குப் பரிசுகள் வழங்கினார். 1886-இல் ஓய்வூதிய நிதியையும், 1895-இல் விபத்துக்கு ஈடு தரும் முறையையும் ஏற்படுத்தினார். இவற்றைச் செய்யுமாறு கட்டளையிடும் சட்டம் எதுவும் அப்போது இந்தியாவில் இல்லை.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று கூறுதல் உண்மையாகாது. 1886-இல் குர்லாவில் நலிந்துபோன ஆலை ஒன்றைப் பன்னிரண்டரை இலட்ச ரூபாய்க்கு வாங்கிச் சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். பழுதுற்ற பொறிகளும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து அவ்வாலையை மூழ்கடிக்கப் பார்த்தன. வங்கிகள் கைவிரித்தன. தம் எம்பிரஸ் ஆலைப் பங்குகளை விற்று அவ்வாலையை அவர் மீட்டார். சீன நாட்டுக்கு நூல் ஏற்றிச்செல்ல ஆங்கிலக் கப்பல் குழுமம் மிகுந்த கூலி வாங்கியபோது, சப்பானியரோடு சேர்ந்து 1893-இல் தாமே கப்பல் விட்டார். ஆங்கிலக் குழுமம் கூலியைத் தரைமட்டத்துக்குக் குறைத்தது. டாட்டா கப்பலிலேயே சரக்கு ஏற்றுவோம் என்று உறுதி கூறிய வணிகர் பலர், குறைந்த கூலியைக் கண்டதும் அப்பக்கம் சாய்ந்துவிட்டனர். டாட்டா கப்பல்கள் நின்றன.

இனி, அவர் வாழ்வின் பெரும்பணிக்கு வருவோம்.

1882-ஆம் ஆண்டில், டாட்டாவுக்கு நாற்பத்துமூன்று வயது நடந்தபோது, ஓர் அறிக்கை அவர் கைக்கு வந்தது. மத்திய மாகாணத்துச் சாந்தா மாவட்டத்தில் இரும்புத்தொழில் நடத்த இயலுமா என்பது பற்றி ரிட்டர் வான் ஷ்வார்ட்ஸ் என்ற நிலவியல் அறிஞர் எழுதியது அது. லோகரா என்னும் இடத்தில் உயர்ந்த இரும்புத்தாது மலையாகக் குவிந்திருப்பதாக அதில் அவர் கூறியிருந்தார். அதற்கு அண்மையிலேயே வரோரா நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. நாகபுரியில் ஆலை நடத்தியவர்க்கு அப்பகுதி அறிமுகமானதே. இந்நாட்டில் எஃகு செய்தல் கூடும் என்னும் எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பண்டைக் காலத்தில் தென்னாட்டு உருக்கு மேலைநாடுகளிலும் மதிக்கப்பட்டது. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் ஓடிய புகைவண்டிக்குத் தண்டவாளம் இங்கிலாந்திலிருந்து வந்தது. பாலத்தின் உத்தரமும் அங்கிருந்தே வந்தது. இக்காலத்து முறையில் இங்கே இரும்பு செய்ய முயன்றோர் டாட்டாவுக்கு முன்னும் இருந்தனர். தமிழ்நாட்டில் சேலத்துத் தாதுவைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கும் தொழிற்சாலையை 1830-ஐ ஒட்டி ஹீத் என்னும் ஆங்கிலேயர் தொடங்கினார். மரக்கரியே அதற்கு எரிபொருள். உலைக்கு இரையாகக் காடுகள் அழிந்துகொண்டே வந்தன. கரியோ ஆண்டுக்காண்டு தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் தள்ளாடி நடந்த அத்தொழிற்சாலை இறுதியில் மூடப்பட்டது. தாது இருந்தும் எரிபொருள் பொய்த்தால் ஆலை நிலைக்காது என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

இரும்பு செய்யும் முறையைச் சிறிது அறிந்துகொண்டால் டாட்டாவின் இடர்ப்பாடு விளங்கும். இரும்புத்தாதுவில் இரும்பும் உயிர்வளியும் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பை அறுக்கக் கரி வேண்டும். நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டால் கிடைக்கும் கல்கரியே உயர்ந்த ஊதுலைக்கு ஏற்றது. உலையில் தாதுவும் கல்கரியும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகக் கொட்டப்படும். கீழிருந்து சூடான காற்று ஊதப்படும். மேலிருந்து அழுத்தும் பெருஞ்சுமையைத் தாங்கிக் கல்கரி உடையாது நிற்க வேண்டும். பொடிந்தால் காற்று நுழையாது, உலை அணையும். எல்லா நிலக்கரியும் இத்தகைய கல்கரியைத் தராது. ஆகவே, நல்ல தாது, கல்கரிக்கேற்ற நிலக்கரி, சுண்ணாம்புக்கல், வற்றாத நீர், இவற்றை இணைக்கும் இருப்புப்பாதை ஆகியவை ஒன்றுக்கொன்று அணுக்கமாக அமைதல் வேண்டும். ஒன்று குறையினும் மற்றவை வீண்.

டாட்டா வரோரா நிலக்கரியை ஜெர்மனிக்குக் கொண்டுசென்று சோதிக்கச் செய்தார். அது உதவாது என்பது சோதனையின் முடிவு. சுரங்க உரிமை பற்றி அரசு வைத்திருந்த விதிகளும் மிகக் கடுமையாய் இருந்தன. அவர் அப்போதே ஆலை கட்டத் தொடங்கியிருப்பின், பரங்கிப்பேட்டைக்கு நேர்ந்த முடிவே அதற்கும் நேர்ந்திருக்கும். அவர் அறிக்கையை எடுத்து வைத்தார், எண்ணத்தை விட்டாரில்லை. இந்தியாவின் கனிவளம் பற்றிக் கண்ணில் பட்ட செய்திகளையெல்லாம் பதினேழு ஆண்டுகள் தொகுத்து வந்தார். பயணம் சென்ற இடங்களில் கற்களையும் மண்ணையும் சேகரித்தார்.

1899-இல் கர்சன் பிரபுவின் அரசு சுரங்க விதிகளைத் தளர்த்தியது. அதே ஆண்டில், படைக்கலத் தொழிற்சாலை அலுவலராகிய மேஜர் மகோன் என்பவர், இந்தியாவில் இரும்பாலை அமைத்தற்குக் காலம் கனிந்துவிட்டது என ஓர் அறிக்கை வெளியிட்டார். அடுத்த ஆண்டு டாட்டா இலண்டன் சென்று, இந்திய அமைச்சராகிய ஜார்ஜ் ஹாமில்டன் பிரபுவைக் கண்டு ஆதரவு வேண்டினார், உறுதிமொழியும் பெற்றார். அப்போது அவருக்கு அறுபத்தொரு வயது. உடல்நலம் குன்றியிருந்தது. செல்வம் நிறைந்திருந்தது. அவ்வயதில் ஒருவர் ஓய்வை நாடியிருப்பின் உலகம் குறை கூறியிராது.

அவர் நாடியது அமெரிக்காவை. 1902-ஆம் ஆண்டில் அங்குச் சென்று, அலபாமாவில் நிலக்கரியிலிருந்து கல்கரி எடுக்கும் வகையையும், கிளீவ்லாந்தில் தாது இறங்கும் துறைகளையும், பிட்ஸ்பர்க்கில் உலைகளையும் நேரிற் கண்டார். உலை அமைப்பதில் வல்லவரான ஜூலியன் கென்னடி என்பாரை அணுகி ஆலை அமைத்துத்தர வேண்டினார். கென்னடி அந்நாட்டின் தாதுவையும் கரியையும் முறையாக ஆராயாமல் ஆலை பற்றிப் பேசுதல் கூடாதென்றார். அவ்வாராய்ச்சிக்கே பெரும்பணம் செலவாகும். முடிவு பாதகமாயின் செலவிட்ட காசு ஒன்றும் திரும்பாது என்றும் எச்சரித்தார். டாட்டா அதற்கு உடன்பட்டார். ஆலை கட்டப் பணம் போடுவோர் உலகில் பலர் உளர்; தம் எண்ணம் தவறா என்று அறிந்துகொள்ளவே பணம் போடுவோர் மிகச் சிலர். டாட்டாவின் தனித்தன்மை இங்கே இருக்கிறது.

அவ்வாராய்ச்சிக்குத் தக்கவர் என்று கென்னடி காட்டியவர் நியூயார்க்கில் இருந்த சார்லஸ் பேஜ் பெரின். ஒருநாள் தம் அலுவலகத்தில் அமர்ந்திருந்த பெரின், வேற்றுநாட்டு உடையணிந்த முதியவர் ஒருவர் உள்ளே வந்து தம்மை உற்றுநோக்கி நிற்பதைக் கண்டார். வந்தவர், தாம் தேடும் மனிதர் அவர்தாமா என்று உறுதி செய்துகொண்டார். இந்தியாவுக்கு வந்து தாதுவும் கரியும் பிறவும் கண்டறிந்து ஓர் ஆலை அமைத்துத்தருமாறு கேட்டார். செலவனைத்தும் தம்முடையது என்றார். வியப்பில் வாயடைத்துப்போன பெரின், அம்முகத்தில் ஒளிவிட்ட உறுதியைக் கண்டு அங்கேயே இசைந்தார். தமக்கு முன்னதாக வெல்டு என்னும் நிலவியல் அறிஞரை இந்தியாவுக்கு அனுப்பவும் ஏற்பாடாயிற்று.

அவ்வாண்டில்தான், அயல்நாட்டிலிருந்து தம் மூத்த மைந்தர் தொராப்ஜிக்கு டாட்டா ஒரு மடல் வரைந்தார். ஆலையின் அருகே எழப்போகும் ஊர் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே அதன் பொருள். தெருக்கள் அகன்றிருக்க வேண்டும். விரைந்து வளரும் நிழல்மரங்களை இருமருங்கும் நடவேண்டும். புல்வெளிக்கும் பூங்காவுக்கும் பந்தாட்டத் திடலுக்கும் இடம் விட வேண்டும். இந்துக் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதாகோயிலுக்கும் நிலம் ஒதுக்க வேண்டும் என்று அவர் எழுதினார். தாது எங்கே உள்ளது என்றே தெரியாத நாளில் எழுதியது இது!

இரும்பாலையோடு வேறிரண்டு எண்ணங்களையும் அவர் வளர்த்து வந்தார். ஆராய்ச்சிக்கென உயர் கல்விக்கூடம் அமைக்க முப்பது இலட்ச ரூபாய் பெறுமானமுள்ள சொத்தை 1898-இல் வழங்க முன்வந்தார். மேற்கு மலைத்தொடரில் பெய்யும் மழைநீரைத் தேக்கி, பம்பாய் ஆலைகளுக்கு மின்னாற்றல் தரவும் திட்டமிட்டார். ஆராய்ச்சிக்கூடம் பெங்களூரில் 1911-இல் மாணவரைச் சேர்த்தது. நீர்மின்சாரம் 1915-இல் பம்பாயை எட்டியது. அவர் தம் கண்ணாற் கண்டது 1903-இல் பம்பாய்க் கடற்கரையில் திறக்கப்பட்ட தாஜ்மகால் விடுதி ஒன்றையே. 1904-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், ஜெர்மனியில் பாட் நவ்ஹைம் என்னும் ஊரில், தமது அறுபத்தைந்தாம் வயதில் அவர் காலமானார். இங்கிலாந்தில் புரூக்வுட் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

தலைவர் மறைந்தால் திட்டமும் மறைவதே பெரும்பான்மை. இங்கு அவ்வாறு நிகழவில்லை. தொராப்ஜியும் வெல்டும் சாந்தா மாவட்டத்துக் காடுகளில் மாட்டுவண்டியில் சென்று தேடிய தேடல் கொடிது. புலி உலவும் காடு. நல்ல நீர் கிடைப்பதும் அரிது. தாது கிடைத்தது, ஆனால் பெரிய ஆலைக்குப் போதுமானதாய் இல்லை. இருபதாண்டுகளாக டாட்டா நம்பியிருந்த இடம் பொய்த்தது. முயற்சியைக் கைவிடுவதாக அரசுக்குத் தெரிவிக்கத் தொராப்ஜி நாகபுரிக்குப் போனார். காண வேண்டிய அலுவலர் வரக் காலந்தாழ்ந்தது. பொழுது போக்குதற்காக எதிரே இருந்த காட்சிச்சாலைக்குள் நுழைந்தவர், சுவரில் தொங்கிய நிலவியற் படம் ஒன்றின் முன் நின்றார். துருக் மாவட்டத்தில் இரும்பைக் குறிக்கும் நிறம் அழுத்தமாகத் தீட்டப்பட்டிருந்தது. அங்கே விரைந்தனர். தல்லி-ராஜ்கரா மலைமேல் நடந்தபோது காலடியில் உலோகம்போல் ஒலி எழுந்தது. அது இரும்பு மலையே. ஆயினும், அருகில் தக்க நிலக்கரியும் இல்லை. போதிய நீரும் இல்லை. அம்மலையையும் விட்டுவிட்டனர். அரை நூற்றாண்டு கழித்து, 1959-இல் உலை மூட்டிய பிலாய் ஆலைக்கு அதே மலை தாது வழங்கியது.

1904-ஆம் ஆண்டில் பிரமதநாத போஸ் என்னும் வங்காள அறிஞரின் மடல் டாட்டா நிலையத்துக்கு வந்திருந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றி விலகி, மயூர்பஞ்சு மன்னரிடம் அலுவல் ஏற்றவர் அவர். மன்னரின் நாட்டில் உயர்ந்த இரும்புத்தாது உண்டு என்று அவர் எழுதியிருந்தார். வெல்டும் பெரினும் சென்று கண்டனர். கோருமகிசானி மலை தாதுவாகவே நிமிர்ந்து நின்றது. ஜாரியா நிலக்கரி வயல் எட்டும் தொலைவில் இருந்தது. கல்கத்தாத் துறைமுகமும் சேய்மையன்று. மன்னரும் எளிய நிபந்தனைகளோடு உரிமை தந்தார். இருப்புப்பாதைத் துறையினர் ஆண்டுக்கு இருபதாயிரம் டன் தண்டவாளம், பத்தாண்டுக்கு, இறக்குமதி விலையில் வாங்க ஒப்பினர். இரும்பு உருகுமுன்னரே அதனை வாங்குவோர் கிடைத்தனர்.

முடிவில் பணம் நின்று வழிமறித்தது. இலண்டன் பணச்சந்தையை நாடிய தொராப்ஜியும் துணைவரும் பல திங்கள் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினர். வங்கப் பிரிவினைக்குப்பின் சுதேசி உணர்ச்சி நாடெங்கும் பொங்கி நின்ற காலம் அது. இந்திய மக்களிடமே கேட்டுப்பார்ப்பது என்று துணிந்து, 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பங்கு விற்பனை அறிவிப்பை வெளியிட்டனர். மறுநாள் காலை முதல் இரவுவரை பம்பாய் அலுவலகத்தின் முன் மக்கள் திரள் குறையவில்லை. முதியோரும் இளைஞரும், செல்வரும் எளியவரும், ஆடவரும் மகளிரும் தத்தம் பணத்தோடு வந்து நின்றனர். மூன்று வாரத்தில் ஏறத்தாழ எண்ணாயிரம் இந்தியர் இரண்டு கோடியே முப்பத்திரண்டு இலட்ச ரூபாய் முதலையும் கொடுத்து முடித்தனர். பின்னர் நடைமுறைச் செலவுக்கு வேண்டிய நாலு இலட்சம் பவுன் கடன் பத்திரம் முழுவதையும் குவாலியர் மன்னர் சிந்தியா தாம் ஒருவரே ஏற்றுக்கொண்டார்.

ஆலைக்கு முதலில் சீனி என்னும் இடம் கருதப்பட்டது; நீர் போதாமையால் விடப்பட்டது. சுவர்ணரேகையும் கர்காயியும் கூடும் இடத்துக்கருகில், சாக்சி என்னும் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. சந்தாலர் முதலிய பழங்குடி மக்கள் உழுது வாழ்ந்த நிலம் அது. எஃகின் வரலாற்றை எழுதுவோர் அவர்கள் விட்டுக்கொடுத்ததை ஒரு வரியிலேனும் குறிக்கக் கடமைப்பட்டவர். 1908-இல் காடு திருத்தும் வேலை தொடங்கியது. 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் உலையிலிருந்து முதல் இரும்பு ஒழுகியது. 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் முதல் எஃகுப் பாளம் வெளிவந்தது. அறிக்கையைப் படித்த நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் சென்றிருந்தன.

இருப்புப்பாதைத் துறையின் தலைமை அலுவலர் சர் பிரெடரிக் அப்காட், இந்தியர் தரமான தண்டவாளம் செய்தால் அதை ஒரு பவுண்டு விடாமல் தாமே உண்பதாக முன்னர் நகையாடியிருந்தாராம். முதல் உலகப்போரில் சாக்சியில் வார்த்த தண்டவாளங்கள் ஆயிரத்து ஐந்நூறு மைல் நீளத்துக்கு மெசபொதாமியாவுக்கும் பிற போர்க்களங்களுக்கும் சென்றன. அத்தனையையும் உண்டிருந்தால் அவருக்குச் செரியாமை கண்டிருக்கும் என்று தொராப்ஜி வேடிக்கையாகக் கூறியதுண்டு.

1919-ஆம் ஆண்டு சனவரி மாதம் அரசப் பிரதிநிதி செம்ஸ்போர்டு பிரபு அவ்வூருக்கு வந்தார். போர்க்காலத்து உதவிக்கு நன்றியாக, சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். காளிமாட்டி என்றிருந்த புகைவண்டி நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. அகன்ற தெருக்களின் இருமருங்கும் நட்ட மரங்கள் அப்போது இளமரங்களாய் நின்றன.